நாற்றுக்கும் விலை உண்டு

கே.கே. நகரில் நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையின் முன்னால் இரண்டு பெஞ்சுகள் கிடக்கும். ஒன்று செய்தித்தாள் படிப்பவர்களுக்கு. மற்றொன்றில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான்கைந்து இளைஞர்கள் வந்து அமர்வார்கள். முந்தைய நள்ளிரவு வரை இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுச் சிவந்த கண்களோடு வருகிறவர்கள். அவர்களில் இருவர் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். மூத்தவன் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். இளையவன் மான்செஸ்டர் சிட்டி. வண்டியூர்க் கண்மாய்க்கு மேற்கே பிறந்து வளர்ந்த இருவரும் மான்செஸ்டர் நகரத்துப் பங்காளிச் சண்டையை இங்கே நடத்திக்கொண்டிருப்பதைக் கேட்பது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சுகம்.

“காசைக் கொட்டி வாங்குன கப்புதானடா அதெல்லாம்? அபுதாபிக்காரன் வராட்டி நீங்க எங்க இருந்திருப்பீங்க?”

“உங்க ஆளுக மட்டும் கொட்டலையாண்ணே? கொட்டியும் ஒண்ணும் வரலைல்ல, அந்த எரிச்சல்தான உங்களுக்கு.”

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. பிறகு இளையவன் என் பக்கம் திரும்பி, “சார், நீங்க சொல்லுங்க. இம்புட்டுக் காசு குடுத்து ஆள் வாங்குறது நியாயமா?” என்று கேட்டான். அன்றைக்கு ஏதோ மழுப்பலாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர்கள் பேசிக்கொண்டிருந்த அத்தனையும் நம் ஊரிலும் நடந்திருக்கிறது என்பதும், அதைப் பற்றி அந்த பெஞ்சில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதும் உறைத்தது. ஒரு காலத்தில் எனக்கும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

*

அக்கம்பக்கத்து அணிகள் ஆள் வாங்குவதைப் பற்றிய சச்சரவு கால்பந்தின் வயதை ஒட்டியது. 1905 பிப்ரவரியில் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சண்டர்லாண்ட் கிளப்பிலிருந்து ஆல்ஃப் காமன் என்ற ஆட்டக்காரரை, ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் மிடில்ஸ்பரோ கிளப் 1,000 பவுண்டுக்கு வாங்கியது. உலகில் நான்கு இலக்கத்தைத் தொட்ட முதல் பரிமாற்றத் தொகை அதுதான். மிடில்ஸ்பரோ அப்போது கீழ்ப்பிரிவுக்கு விழுந்துவிடும் நிலையில் இருந்தது. மனிதரை மந்தை மாடு போல விலைபேசுகிறார்களே என்று பத்திரிகைகள் கொதித்தன. காமன் வந்து ஆடினார், மிடில்ஸ்பரோ முதற்பிரிவில் தங்கியது. 1908-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இனி 350 பவுண்டுக்கு மேல் யாரும் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு விதித்தது. சில மாதங்களிலேயே அந்த விதியைக் கைவிட வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இதற்கு இணையான களம் கொல்கத்தா. 1889-இல் தோன்றிய மோகன் பகானும் 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலும் ஒருவர் வீட்டு ஆளை மற்றவர் தூக்கிக்கொண்டு போவதையே பருவந்தோறும் ஒரு திருவிழாவாக நடத்தியிருக்கிறார்கள். கையெழுத்திடும் நாள் வரும்வரை ஆட்டக்காரரை எதிரணியின் கண்ணில் படாமல் மறைத்துவைத்த கதைகள் அந்த ஊரின் வாய்மொழி வரலாற்றில் உண்டு. எதிரணிக்குப் போனவரைத் துரோகி என்றழைப்பதும், அடுத்த ஆண்டே அவர் திரும்பி வந்தால் மாலையிடுவதும் ரசிக தர்மத்தின் இரு பக்கங்கள்.

இந்தச் சச்சரவுகளிலெல்லாம் ரசிகர்களின் கேள்வி எப்போதும் ஒன்றுதான். வாங்கியவர் எவ்வளவு கொடுத்தார்? கொடுத்த பணம் யார் கைக்குப் போனது என்பதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமாகத் தோன்றுகிறது. மதுரையின் கதை அதைத்தான் சொல்கிறது.

*

2019-ஆம் ஆண்டு தமிழகக் கால்பந்துக்கு ஓர் அதிசய ஆண்டு. மார்ச் மாதத்தில் கோயம்புத்தூரைத் தாய்மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி ஆண்களுக்கான ஐ-லீகை வென்றது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளிய வெற்றி. மே மாதத்தில் லூதியானாவில் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி இந்தியப் பெண்கள் லீகின் கோப்பையைத் தூக்கியது. 2016-இல் ஒரு பொறியியல் கல்லூரி நிர்வாகத்தின் ஆதரவில் தொடங்கப்பட்ட அணி, மூன்றே ஆண்டுகளில் நாட்டின் முதலிடத்தில் நின்றது. பயிற்றுநராக இருந்தவரும் ஒரு பெண், அமிர்தா அரவிந்த். ஒரே பருவத்தில் ஆண், பெண் இரு தேசியப் பட்டங்களும் தமிழகக் கிளப்புகளிடம் இருந்தன. ஜல்லிக்கட்டில் எந்தக் காளை யாரிடம் பிடிபட்டது என்பதைப் பத்து வருடம் நினைவில் வைத்திருக்கும் மதுரை, இதை ஒரு வாரம்கூட நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

சேதுவின் வெற்றியில் பெரும்பங்கு நேபாளத்தைச் சேர்ந்த சபித்ரா பண்டாரி என்ற முன்னணி ஆட்டக்காரருக்கு உண்டு. அதே அணியில் பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்திலிருந்து வந்த மனீஷா கல்யாண் என்ற இளம்பெண்ணும் இருந்தார். அடுத்த பருவத்தில் இருவரும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா அணியில் ஆடினார்கள். அந்தப் பருவத்தின் அரையிறுதியில் சேது கோகுலத்திடம் தோற்றது. 2020 பிப்ரவரியில் கோகுலம் பட்டம் வென்றபோது இறுதியாட்டத்தின் வெற்றிக்கோலை அடித்தவர் சபித்ரா. அந்த லீகில் மிக அதிகமான கோல்களைப் போட்டவரும் அவரே.

இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தக் கதை இன்னும் கூர்மையடைந்தது. 2022 மே 26 அன்று புவனேஸ்வரில் லீகின் கடைசி ஆட்டம். சேதுவும் கோகுலமும் அதுவரை ஆடிய 10 ஆட்டங்களையும் வென்று நேருக்கு நேர் நின்றன. ஆரம்பத்திலேயே ரேணு ராணியின் கோலில் சேது முன்னிலை பெற்றது. பிறகு கோகுலம் மூன்று கோல் போட்டுப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அந்த மூன்றில் ஒன்று மனீஷா கல்யாண் அடித்தது. அதே ஆண்டு அவர் சைப்ரஸின் அப்போலோன் அணிக்குச் சென்று, ஐரோப்பாவின் பெண்கள் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார்.

இதைச் சொல்லும்போது நண்பர்கள் உடனே, “பார்த்தீர்களா, பணக்காரக் கிளப் நம்மவர்களைக் கொத்திக்கொண்டு போய்விட்டது” என்கிறார்கள். கோகுலம் கேரளாவின் பின்னால் பெரும் வணிக நிறுவனம் ஒன்று இருப்பது உண்மை. ஆனாலும் இந்தக் கோபத்தில் நான் பங்குகொள்ள மாட்டேன். இரண்டு காரணங்கள்.

முதலாவது, நம் கை சுத்தமா என்பது. சபித்ரா மதுரையில் பந்து உதைக்கக் கற்றவர் அல்லர். நேபாளத்தின் மலைக்கிராமம் ஒன்றில் பிறந்து, அந்நாட்டு ஆயுதப்படைப் போலீஸ் அணியில் தேர்ந்தவர். மனீஷாவுக்குப் பந்து கற்றுக்கொடுத்தது பஞ்சாபின் ஏதோ ஒரு பள்ளி மைதானம். மணிப்பூரிலிருந்து வந்தவர்கள் இல்லாமல் இந்தியாவில் பட்டத்தை நெருங்கிய பெண்கள் அணிகள் அரிது. சேது அவர்களை எடுத்தபோது யாரோ ஒரு பயிற்றுநர் அங்கே வெறுங்கையோடு நின்றிருப்பார். நாம் கைதட்டினோம். கோகுலம் எடுத்தபோது நமக்கு நியாயம் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது காரணம் பெரிது. ஆல்ஃப் காமன் போனபோது சண்டர்லாண்டுக்கு 1,000 பவுண்டு கிடைத்தது. அதைக் கொண்டு அவர்கள் இன்னொருவரைத் தேடிக்கொள்ளலாம். பெண்கள் லீகில் ஒருவர் அணி மாறும்போது விட்டுக்கொடுத்த அணி எந்தத் தொகையைக் கேட்க முடியும்? அந்த லீக் 2017-இல் தொடங்கியது. 2019-இல் பன்னிரண்டு அணிகளையும் ஒரே ஊரில் கூட்டி, மூன்றே வாரங்களில் போட்டியை முடித்துவிட்டார்கள். மூன்று வாரப் போட்டிக்கு யார் பல ஆண்டு ஒப்பந்தம் போடுவார்கள்? ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் எங்கு வேண்டுமானாலும் போகலாம், பழைய அணிக்கு ஒன்றும் தரத் தேவையில்லை என்பது 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் ஐரோப்பாவுக்குச் சொன்ன தீர்ப்பு. பின்னர் அதுவே உலக நடைமுறையாயிற்று. அத்தீர்ப்பு ஆட்டக்காரருக்கு விடுதலை. ஆனால் ஒப்பந்தமே ஒரு பருவத்துக்கு மேல் நீளாத இடத்தில், வளர்த்த அணிக்கு அதனால் மிஞ்சுவது பூஜ்யம்.

நகரத்து ரசிகன் பரிமாற்றத் தொகை அதிகம் என்று வருந்துகிறான். நம் மண்ணின் சிக்கல் அப்படி ஒரு தொகையே இல்லாதது.

*

என் அப்பாவின் ஊர் மேலூருக்குப் பக்கம். பெரியாறு கால்வாய்ப் பாசனம். நடவுக் காலத்தில் தன் நாற்றங்கால் பழுதாகிப்போனவர் பக்கத்து வயல்காரரிடம் நாற்று வாங்குவார். வாங்குகிறவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் முடிக்கு இவ்வளவு என்று பேசி, எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் நாற்றைத் தூக்குவார். விதை போட்டவன், தண்ணீர் காத்தவன், இருபத்தைந்து நாள் காக்கை குருவி விரட்டியவன் ஒருவன் இருக்கிறான் என்பது ஊருக்குத் தெரியும். அறுவடையில் அவனுக்குப் பங்கில்லை. நாற்றுக்கு விலை உண்டு.

உலகக் கால்பந்து நிர்வாகத்துக்கும் இந்தக் கணக்கு தெரியாமலில்லை. 2001-இல் ஃபிஃபா இரண்டு ஏற்பாடுகளைக் கொண்டுவந்தது. ஒன்று, ஓர் இளம் ஆட்டக்காரர் முதன்முதலாகத் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது, அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் புதிய கிளப் தர வேண்டிய பயிற்சி ஈட்டுத்தொகை. மற்றொன்று, நாடு விட்டு நாடு விற்கப்படும்போதெல்லாம் விலையில் 5 சதவீதத்தை அவரது 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒற்றுமைப் பங்கு. பிரேசிலின் சேரிக் கிளப் ஒன்று, தன்னிடம் பத்தாண்டுகளுக்கு முன் ஆடிய சிறுவன் ஐரோப்பாவில் கைமாறும்போது கூரைக்கு ஓடு போட்டுக்கொள்ள முடிவது இதனால்தான். பணம் வழியில் காணாமல் போகாதிருக்க 2022-இல் பாரிஸில் ஒரு தீர்வகத்தையும் தொடங்கினார்கள்.

இதில் ஒரு வரி இருக்கிறது. அந்த விதிப்புத்தகத்தின் 20-ஆவது பிரிவில், பயிற்சி ஈட்டுத்தொகை பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்று எழுதிவைத்தார்கள். இன்னும் முளைவிடும் நிலையில் இருக்கும் பெண்கள் ஆட்டத்தில் இப்படியொரு சுமையை ஏற்றினால் கிளப்புகள் பெண்களை எடுக்கவே தயங்கும் என்பது அதற்கான வாதம். வாதம் விளங்குகிறது. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்காவின் நயோமி கிர்மாவை லண்டனின் செல்சீ அணி பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் லிவர்பூலிலிருந்து ஒலிவியா ஸ்மித்தை ஆர்சனல் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. உச்சியில் இவ்வளவு மழை பெய்யும்போது அடிவாரத்துக்கு வாய்க்கால் வெட்ட வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

*

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இலக்கிய வாசகர்களாகிய நம் மனம், ஒரு பெண்ணுக்கு விலை என்றவுடன் சற்றுக் கூசும். கூச வேண்டியதுதான். விலை வைப்பது நாளடைவில் கட்டிப்போடுவதாக மாறிவிடும் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல. ஆட்சேபணையின்மைச் சான்று என்ற ஒற்றைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டக்காரரை அலைக்கழிக்கும் வழக்கம் இந்திய விளையாட்டுக்குப் புதிதல்ல. ஏழைக் குடும்பத்திலிருந்து வரும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இன்னோர் அணி இரண்டு மடங்கு சம்பளம் தருகிறது என்றால், அவர் போக வேண்டும். யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023-இல் இந்த லீகின் ஒப்பந்த ஆட்டக்காரருக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமாக அறிவித்தது 3.2 லட்சம் ரூபாய். மாதத்துக்கு 27,000-க்கும் குறைவு. இதையே ஒரு முன்னேற்றமாகக் கொண்டாட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். இந்த வருமானத்தில் வாழ்பவரிடம் போய் விசுவாசத்தைப் பற்றி உபதேசிப்பவர்கள் தங்கள் வேலையைச் சம்பள உயர்வுக்காக ஒருமுறையும் மாற்றாதவர்களாக இருக்கட்டும்.

ஆகவே நான் கேட்பது ஆட்டக்காரரின் காலில் கட்டும் கயிற்றை அல்ல. அவர் சுதந்திரமாகப் போகட்டும். அவர் பின்னால் ஒரு சிறு தொகை திரும்பி வரட்டும். அதை அவரும் தர வேண்டாம், புதிய கிளப்பும் முழுவதும் சுமக்க வேண்டாம். லீகை நடத்துகிறவர்களே ஒளிபரப்பு, விளம்பர வருவாயிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, களமிறங்கிய ஒவ்வொருவரையும் 12 வயதிலிருந்து வளர்த்த பள்ளிக்கும் கிளப்புக்கும் ஆண்டுதோறும் அனுப்பலாம். யார் எங்கே கற்றார் என்ற பதிவேடு இருந்தால் போதும். தொகை சிறிதாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஒரு பள்ளி மைதானத்தில் பத்துப் பந்தும் ஒரு சுண்ணாம்பு மூட்டையும் எவ்வளவு தூரம் வரும் என்பது அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. 2019-இல் பட்டம் வென்ற சென்னை சிட்டியின் எட்வின் சிட்னி வான்ஸ்பால் அந்த ஆண்டே, அதே பெயர்கொண்ட நகரத்தின் பெரிய அணியான சென்னையினுக்குப் போனார். அதற்கு முந்தைய ஆண்டே மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்குப் போயிருந்தார். அந்தப் பருவத்தில் 21 கோல் போட்ட பெத்ரோ மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானுக்கு. 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீகில் சென்னை சிட்டியே இல்லை. அந்த அணி மறைந்ததற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விதைத்து, ஒவ்வோர் ஆண்டும் பிறர் வயலுக்கு அனுப்பும் ஓர் அணி நெடுநாள் தாங்காது என்பதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

பெண்கள் லீகிலும் சக்கரம் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. 2022-இல் சேதுவுக்குப் பயிற்றுநராக இருந்த கிறிஸ்பின் சேத்ரி 2023-24-இல் ஒடிசா அணிக்குப் பட்டம் வென்று கொடுத்தார். கோகுலத்துக்கு இரண்டு பட்டங்கள் வாங்கித் தந்த அந்தோணி ஆண்ட்ரூஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். கோகுலத்தின் ஆட்டக்காரர்கள் சிலரும் அங்கே போனார்கள். 2024-25-இல் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கு, கோகுலம் இரண்டாமிடம். மதுரையில் நாம் பட்ட மனத்தாங்கல் கோழிக்கோட்டின் தேநீர்க் கடைகளிலும் இப்போது பேசப்பட்டிருக்கும். நாளை கொல்கத்தாவிலும் பேசப்படும். ஒவ்வோர் ஊரும் தனக்கு மேலே இருப்பவரைத் திட்டிக்கொண்டும் கீழே இருப்பவரை மறந்துகொண்டும் இருக்கிறது.

*

ரேஸ் கோர்ஸ் மைதானப் பக்கம் காலையில் சந்திக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எனக்கு நண்பர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண் குழந்தைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் கற்ற ஒரு பெண் இப்போது வெளிமாநில அணி ஒன்றில் ஆடுகிறார். “அதுக்கு ஏதாவது உங்களுக்குக் கிடைத்ததா?” என்று ஒருமுறை கேட்டேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“தீபாவளிக்கு வந்தப்ப ஸ்வீட் பாக்ஸ் வாங்கியாந்துச்சு சார். கால்ல விழுந்துச்சு. பிள்ளைகிட்ட அதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?”

“பிள்ளையிடம் வேண்டாம். எடுத்துக்கொண்ட கிளப்பிடம்?”

“அவங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாதே சார்.”

இப்போது அவரிடம் ஒன்பது பெண்கள் வருகிறார்கள். முன்பு முப்பது பேர் வந்தார்களாம். பென்ஷனிலிருந்து பந்து வாங்குகிறார். முழங்கால் வலி. இன்னும் ஒரு வருடம் பார்ப்பேன் என்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடை பெஞ்சில் அந்தத் தம்பிக்கு நான் சொல்லப்போகும் பதில் இதுதான். ஆள் வாங்குவது அநியாயமில்லை, தம்பி. எவ்வளவு கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதே. அந்த ஆட்டக்காரரின் முதல் பயிற்றுநர் யார், அவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்றும் கேள். மான்செஸ்டருக்கு மட்டுமின்றி நம் ஊர் அணிக்கும் அதே கேள்வியைக் கேள். பிறகு நேரமிருந்தால், அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் காலையில் ரேஸ் கோர்ஸ் பக்கம் வா. ஒன்பது பேர் இருக்கிறார்கள். எதிரணிக்கு ஆள் போதவில்லை.